மூச்சு வாங்காத சீட்டி

ஈவோ: கதவ மெதுவா சாத்து... மெதுவான்னா மெதுவா! உள்ள பெல்லாந்தி ரெக்கார்டக் கேட்டுக்கிட்டிருக்காரு.

நோர்மா: சாத்திட்டேன். நீ மொதல்ல உக்காரு. அடுத்தவங்க சமையக்கட்டுல இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா, கீழ்வீட்டுக்காரன் துடைப்பத்தால கூரைய இடிப்பான்.

ஈவோ: ரெண்டாவது பக்கம் போட்டுட்டாரா?

நோர்மா: இப்பத்தான் திருப்பிப் போட்டாரு. எண்பத்தெட்டு வயசு. முள்ள வெக்கும்போது கை ஆடவே இல்ல. உனக்குத்தான் ஆடுது.

ஈவோ: ஒரு காபி குடிச்சா சரியாயிடும்.

நோர்மா: நாலு குடிச்சுட்டுத்தானே ஆடுது.

ஈவோ: ஏய்... கழுத்துல என்னது அது?

நோர்மா: எது?

ஈவோ: அந்த ஸ்கார்ஃப்! கத்தரிப்பூ கலர்! பாட்டுக்காரர் வீட்டுக்கு, அதுவும் இன்னிக்கு, கத்தரிப்பூ கலர்லயா வருவே?

நோர்மா: அடடா... குளிருதேன்னு கையில கெடச்சத சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

ஈவோ: நாடகக்காரங்க, பாட்டுக்காரங்க எவங்க முன்னாடியும் இந்தக் கலர் ஆகாதுன்னு ரோம்ல பொறந்து வளந்தவளுக்கு நான் சொல்லணுமா? இந்தக் கலர்ல ஒருத்தி உக்காந்திருந்தான்னு ஒரு தடவ கச்சேரியவே நிறுத்தினவரு அவரு! பாத்தாரா?

நோர்மா: நடையில லைட்டே இல்ல. பாத்திருக்க மாட்டாரு.

ஈவோ: கழட்டு. பைக்குள்ள போடு.

நோர்மா: பைய தெறக்க மாட்டேன்.

ஈவோ: ஏன்?

நோர்மா: ஜிப்பு சிக்கிக்கும். உன் கோட்டுப் பையில வெச்சுக்கோ.

ஈவோ: என் பையிலயா? இன்னிக்கா? போதும் எனக்கு இருக்கறது.

நோர்மா: அப்ப இதோ, இந்த ரொட்டி சுடற அடுப்புக்குள்ள திணிச்சுடறேன். போகும்போது எடுத்துக்கலாம்.

ஈவோ: அடுப்புங்கற பேரே எடுக்காத!

நோர்மா: அடுப்பு உன்ன என்ன பண்ணுச்சு?

ஈவோ: ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. உஷ். இது எந்தப் பாட்டு?

நோர்மா: ஆர்கன் கேக்குது. படத்துல கல்லறை தோண்டுறப்ப வர்ற பாட்டு.

ஈவோ: இன்னும் நாலு இருக்கு. அப்புறம் கடைசி.

நோர்மா: ஈவோ, அந்த மூடிப்போன ஸ்டுடியோவோட கீழ்த்தளத்துல, முழங்கால் தண்ணியில நின்னு டேப்புங்கள தலைக்கு மேல தூக்கிட்டு வந்தியே, அன்னிக்குக் கூட நீ இப்படி நடுங்கல.

ஈவோ: நடுங்கினேன். அது சந்தோஷ நடுக்கம். பதினாலு வயசுலேர்ந்து இசை பெல்லாந்தின்னு பேரு போட்ட ரெக்கார்டு ஒண்ணு விடாம சேக்கறேன். ஜப்பான்ல மட்டும் வந்தது, விளம்பரத்துக்கு மட்டும்னு அச்சடிச்சுக் கொடுத்தது...

நோர்மா: தெரியும். நமக்குக் கல்யாணம் ஆனப்ப மொதத் தாரம் வீட்ல ஆறு அலமாரி நெறைய உக்காந்திருந்தா. நான் ரெண்டாம் தாரமாத்தான் வந்தேன்.

ஈவோ: இந்த ஒரு படம் மட்டும்தான் இல்ல. ‘செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சவப்பெட்டி’. ரெக்கார்டாவே வரல. குதிரை ஓடுற சத்தத்துக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் அடியில அமுங்கிக் கெடந்ததுதான் ஜனங்க கேட்டது. அப்படியும் அந்தக் கடைசிச் சீட்டி இருக்கே... ஊரே அடிச்சுது. எங்கப்பா ஷேவ் பண்ணிக்கிட்டே அடிப்பாரு.

நோர்மா: அதுதான் இப்ப ரெக்கார்டா வருதே. உள்ள ஓடிக்கிட்டிருக்கறது அதோட மாதிரிப் பிரதி. அவரு கேட்டுட்டு அந்த வெள்ளை லேபிள்ல ‘சரி’ன்னு கையெழுத்து போட்டா, நாளைக்கே அச்சடிக்கற மெஷின் ஓடும். சந்தோஷப்படுவியா, பேய் பிடிச்சவன் மாதிரி முழிப்பியா?

ஈவோ: போடாம போயிட்டா?

நோர்மா: ஏன் போடாம போவாரு? அவரோட பாட்டு. அவரோட டேப்பு.

ஈவோ: நோர்மா... நான் ஒண்ணு சொன்னா நீ கத்தக் கூடாது.

நோர்மா: கத்துற மாதிரி விஷயமா?

ஈவோ: கத்தினா அவருக்குக் கேட்டுடும்.

நோர்மா: சொல்லு.

ஈவோ: டேப்புங்க எல்லாம் ஈரத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருந்துச்சு இல்ல... அப்படியே ஓட்டினா உரிஞ்சு வந்துடும்னு, லேசான சூட்டுல காய வெச்சேன் இல்ல...

நோர்மா: ஆமா. எங்கம்மாவோட தக்காளி காயப் போடற மெஷின்ல. இன்னும் அவங்ககிட்ட அதுக்கு பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஈவோ: எல்லாத்தையும் வெச்சேன்.

நோர்மா: எல்லாத்தையும்னா?

ஈவோ: கடைசி டேப்பையும்.

நோர்மா: ...வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தியா?

ஈவோ: பாக்கல.

நோர்மா: பாக்கலியா! ஊர்ல இருக்கற சேகரிக்கிறவன் அத்தன பேருக்கும் நீதானே பாடம் எடுப்பே? ‘வெளிச்சத்துக்கு நேரா பிடி, ஊடால வெளிச்சம் தெரிஞ்சா அது பழைய ரகம், அதுக்குச் சூடு ஆகாது’ன்னு?

ஈவோ: அவசரம்... ஆசை. எல்லாம் ஒரே பெட்டியில இருந்துச்சு, எல்லாம் ஒரே ரகம்னு நெனச்சுட்டேன். காலையில தெறந்து பாத்தா... அப்பளம் பொரிச்ச மாதிரி சுருண்டு கெடக்குது. விரல் பட்டதும் உடையுது.

நோர்மா: காய வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவகூட ஓட்டிக் கேக்கலியா?

ஈவோ: எங்க கேட்டேன்! அதுல என்ன இருந்துச்சுன்னு உலகத்துல எவனுக்கும் தெரியாது.

நோர்மா: ...ம்.

ஈவோ: என்ன ம்? திட்டேன்!

நோர்மா: அப்ப உள்ள இருக்கற ரெக்கார்டுல, கடைசிப் பாட்டுல, சீட்டி அடிக்கறது யாரு?

ஈவோ: நான்தான்.

நோர்மா: நீயா!

ஈவோ: கத்தாத! படத்த நூறு தடவ போட்டுக் கேட்டு, அப்படியே அச்சு அசலா... கித்தார் நம்ம பல் டாக்டர். அவரோட கிளினிக்குல, ஞாயித்துக்கிழமை. சத்தத்தக் கொஞ்சம் பழசாக்கினேன், லேசா இரைச்சல் சேத்தேன்... அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சத்தத்த சரி பண்ணி மாஸ்டர் பண்ணினது நீதானே, உனக்கே தெரியல இல்ல?

நோர்மா: யாரோ நல்லாத்தான் அடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.

ஈவோ: அப்ப அவருக்கும் தெரியாது. இல்ல? அம்பது வருஷம் ஆச்சு. காதும் முன்ன மாதிரி இருக்காது...

நோர்மா: நேத்து போன்ல, என் பின்னாடி குழாய் சொட்டுதுன்னு சொன்னவரு.

ஈவோ: ஐயோ.

நோர்மா: இரும்பத் தொட்டுக்கோ, கெட்டது அண்டாது.

ஈவோ: எங்க இருக்கு இரும்பு... இந்த வாணலி இரும்பா அலுமினியமா?

நோர்மா: உஷ்... ஆரம்பிச்சிருச்சு.

ஈவோ: சீட்டி.

நோர்மா: ம்.

ஈவோ: என்னோடது நோர்மா, அது என்னோடது... ஒரு பெரிய மனுஷனோட ஹால்ல என் சீட்டி... வெக்கமா இருக்கு. உள்ள போய்ச் சொல்லிடட்டுமா?

நோர்மா: உக்காரு. கேக்கட்டும்.

ஈவோ: எதுக்கு நீ அந்தப் பைய இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கே? கீழ வையேன்.

நோர்மா: தரை ஈரமா இருக்கு.

ஈவோ: எங்க ஈரம்?

நோர்மா: முடிஞ்சுது. பேசாம இரு.

ஈவோ: ஏன் சத்தமே காணோம்... ஐயோ, மறுபடியும் போடறாரு. கடைசிப் பாட்டையே மறுபடியும் போடறாரு!

நோர்மா: பிடிச்சிருக்கும்.

ஈவோ: பிடிச்சா இப்படியா முழுசா முடியறதுக்குள்ள முள்ளத் தூக்குவாங்க? வர்றாரு. காலடி கேக்குது. காபிய ஊத்து... ஸ்கார்ஃப்!

நோர்மா: அடுப்புக்குள்ள இருக்கு.

ஈவோ: வாங்க மேஸ்ட்ரோ! சூடா காபி இருக்கு.

பெல்லாந்தி: ஏன் ரெண்டு பேரும் சாவு வீட்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க. சர்க்கரை ஜாடிய எங்கயோ மாத்தி வெச்சுட்டுப் போயிட்டா வேலைக்காரம்மா...

நோர்மா: இதோ இருக்கு மேஸ்ட்ரோ.

பெல்லாந்தி: நல்லா சுத்தம் பண்ணியிருக்கேம்மா. ஆர்கன் அப்படியே வருது. அன்னிக்கு ஸ்டுடியோவுல ஹீட்டர் வேல செய்யல, எல்லாரும் ஓவர்கோட்டோட வாசிச்சோம். அந்தக் குளிர் கூட கேக்குது.

ஈவோ: நன்றி மேஸ்ட்ரோ...

பெல்லாந்தி: ஈவோ, ஒண்ணு கேக்கணும்.

ஈவோ: கேளுங்க.

பெல்லாந்தி: ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் டேப்புல ஒருத்தன் பாட்டு நம்பரச் சொல்வான், எத்தனாவது தடவன்னு சொல்வான். நடுவுல நாங்க பேசறதும் பதிவாகும். அதெல்லாம் வெட்டிட்டீங்க, சரிதான். ஆனா அந்தக் கடைசி டேப்புல... பாட்டுக்கு முன்னாடி... பேச்சு ஏதாவது இருந்துச்சா?

ஈவோ: இருந்துச்சு... இருந்துச்சு மேஸ்ட்ரோ. வழக்கமான பேச்சுதான்.

பெல்லாந்தி: யாரு குரல்?

ஈவோ: உங்க குரல்தான்.

பெல்லாந்தி: ...என் குரலா. அப்ப கேட்டுட்டே.

ஈவோ: கேட்டேன்... கொஞ்சம்.

பெல்லாந்தி: என்ன சொல்றேன்?

ஈவோ: சரியா... தெளிவா இல்ல மேஸ்ட்ரோ.

பெல்லாந்தி: தெளிவா இல்லியா, இல்ல சொல்ல மாட்டியா?

ஈவோ: அது... நோர்மா, உனக்கு ஞாபகம் இருக்கா?

நோர்மா: வெறும் இரைச்சல் மேஸ்ட்ரோ.

பெல்லாந்தி: ரெண்டு பேரும் நல்ல புள்ளைங்க. எனக்காகப் பொய் சொல்றீங்க. வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா? பத்திரிகைக்காரங்க யாருகிட்டயாவது?

ஈவோ: எத மேஸ்ட்ரோ?

பெல்லாந்தி: வெளையாடாத ஈவோ. எனக்கு இந்த வயசுல தாங்காது. கெடச்சிருச்சுன்னு நீ போன் பண்ணின நாள்லேர்ந்து நான் தூங்கல.

ஈவோ: நானும்தான் தூங்கல.

பெல்லாந்தி: நீ ஏன் தூங்கல?

ஈவோ: இல்ல... சந்தோஷத்துல.

பெல்லாந்தி: சந்தோஷம். ம்... சரி, இன்னொண்ணு. பேச்சுதான் இரைச்சல்னு வெச்சுக்குவோம். அந்த ரெண்டாவது வரியில, மேல ஏறும் பாரு, அங்க சீட்டி அடிக்கறவன் மூச்சு வாங்கறான்.

ஈவோ: மூச்சா?

பெல்லாந்தி: நான் ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். அதே எடத்துல. லேசா, திருட்டுத்தனமா, ஒரு மூச்சு.

நோர்மா: எல்லாரும் மூச்சு வாங்கித்தானே ஆகணும் மேஸ்ட்ரோ?

பெல்லாந்தி: என் தம்பி வாங்க மாட்டான். தைபர் ஆத்துல பாலத்துக்கு இந்தப் பக்கம் முங்கி அந்தப் பக்கம் எழுந்திருக்கறவன். அந்த வரிய ஒரே மூச்சுல அடிப்பான். அதுக்குத்தான் அவ்வளவு நீளமா... ஈவோ, இது ஆர்தூரோ இல்ல. யாரு இது?

ஈவோ: மேஸ்ட்ரோ...

பெல்லாந்தி: யாரு?

ஈவோ: நான். மன்னிச்சுடுங்க. டேப்ப நான்தான்... தப்பான டேப்ப சூட்டுல வெச்சுட்டேன். சுருண்டு போச்சு. ஒரு அங்குலம்கூட மிஞ்சல. உங்க எதிர்ல வந்து சொல்ல தைரியம் இல்லாம நானே சீட்டி அடிச்சு, அதுல சேத்து... நான் மனுஷனே இல்ல. ரெக்கார்ட நிறுத்திடலாம். எல்லாருக்கும் நானே எழுதிடறேன், தப்பு என்னுதுன்னு.

பெல்லாந்தி: இரு, இரு. டேப் இல்லையா?

ஈவோ: இல்ல மேஸ்ட்ரோ.

பெல்லாந்தி: அப்ப பேச்சு... என் குரல் கேட்டேன்னியே?

ஈவோ: பொய். அடிச்சு விட்டேன். ஒரு வார்த்த கூட கேக்கல.

பெல்லாந்தி: யாரும் கேக்கல?

ஈவோ: இனிமே யாராலயும் கேக்க முடியாது.

பெல்லாந்தி: ஹ... ஹஹ்ஹா...

ஈவோ: மேஸ்ட்ரோ? நோர்மா, தண்ணி குடு! ஏன் சிரிக்கறாரு?

பெல்லாந்தி: தண்ணி வேணாம். தப்பிச்சேன்டா ஈவோ. தப்பிச்சேன்...

நோர்மா: உக்காருங்க மேஸ்ட்ரோ.

பெல்லாந்தி: ஹால்ல பியானோ மேல ஒரு பரிசு இருக்கே, பாத்தியா?

ஈவோ: பாக்காம? இந்தப் படத்துக்குத்தானே. அந்தக் கடைசி மெட்டுக்கு.

பெல்லாந்தி: அது என் மெட்டு இல்ல.

ஈவோ: ...என்னது?

பெல்லாந்தி: ஆர்தூரோவோடது. எனக்கு மூணு வாரமா படத்தோட முடிவுக்கு மெட்டே வரல. இவன் சிகரெட் பிடிக்க வெளிய போனவன், இந்த மெட்ட சீட்டி அடிச்சுக்கிட்டே திரும்பி வந்தான். அப்படியே எடுத்துட்டோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து மைக்குல நான் சொன்னேன்: ‘ஆர்தூரோ, இது உன்னோடது. ரெக்கார்டு வரும்போது உன் பேருதான் இருக்கும். அண்ணன் சொல்றேன்.’ டேப் ஓடிக்கிட்டிருந்துச்சு.

ஈவோ: அப்புறம்?

பெல்லாந்தி: அப்புறம் ரெக்கார்டே வரல. பரிசுதான் வந்துச்சு. மேடையேறி வாங்கிக்கிட்டேன். அவன் மூணாவது வரிசையில உக்காந்திருந்தான். இறங்கிப் பாத்தா நாற்காலி காலி. அதோட பேச்சு நின்னு போச்சு. போன குளிர்காலத்துல செத்துப் போனான். அடக்கத்துக்குக் கோயில் வாசல் வரைக்கும் போனேன்... உள்ள போகல.

ஈவோ: மேஸ்ட்ரோ, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா.

பெல்லாந்தி: பேனா குடு.

ஈவோ: எதுக்கு? இந்த ரெக்கார்டுல நீங்க கையெழுத்துப் போடக் கூடாது. அது பொய்யி...

பெல்லாந்தி: பேனா குடுன்னேன். அந்த வெள்ளை லேபிளயும் எடுத்துட்டு வா... நகரு. வெளிச்சத்த மறைக்காத.

நோர்மா: என்ன எழுதறாரு?

ஈவோ: ‘கடைசிப் பாட்டு... இசை... ஆர்தூரோ பெல்லாந்தி.’

நோர்மா: மேஸ்ட்ரோ, இப்பத்தான் சாட்சின்னு எதுவுமே இல்லையே. டேப்பே போயிருச்சே.

பெல்லாந்தி: டேப் இருந்து எழுதியிருந்தா, ‘பயந்துட்டு எழுதறான் பாரு’ன்னு ஆர்தூரோ சிரிச்சிருப்பான். அவன் வாய் அப்படி... ஒரே ஒரு குறைதாம்மா. நான் மைக்குல அப்படிச் சொன்னதும், அவன் ஏதோ பதில் சொன்னான். அது மட்டும் ஞாபகத்துக்கு வரவே மாட்டேங்குது. எத்தன வருஷமா மண்டைய ஒடச்சுக்கறேன். அவன் குரல் வேற எதுலயும் இல்ல, சீட்டிதான் இருக்கு. டேப் கெடச்சிருச்சுன்னதும் பயந்தேன், நெஜம். ஆனா அத ஒரு தடவ கேட்டுடலாம்னு... இன்னிக்குக் காலையில சவரம் பண்ணி, இந்தச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

ஈவோ: என்ன மன்னிச்சுடுங்க... ஐயோ, நான் என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்.

நோர்மா: அழாத. நாற்காலிய நகத்து, பைய மேசையில வெக்கணும்.

ஈவோ: இப்ப எதுக்கு பைய தெறக்கற? ஜிப்பு சிக்கிக்கும்னே?

நோர்மா: சிக்காது. நீ காய வெக்கறதுக்கு மொத நாளு, நீ தூங்கினதுக்கு அப்புறம் அந்த டேப்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். காய வெக்கவே தேவையில்லாத ரகம். அப்படியே ஓட்டி ஒரு பிரதி எடுத்தேன், இதோ. திரும்பப் பெட்டியிலயே வெச்சது என் தப்பு.

ஈவோ: எடுத்தியா! எடுத்து வெச்சுக்கிட்டு... என்னைய இத்தன நாள் இப்படி வேக விட்டியா? ஏன்டி சொல்லல?

நோர்மா: அதுல இருந்தத கேட்டப்புறம் எப்படிச் சொல்ல? பதினாலு வயசுலேர்ந்து நீ கும்பிடற மனுஷன் இவரு. அப்புறம் மாஸ்டர்ல உன் சீட்டியக் கேட்டதும், என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சு போச்சு. சரி, இதையே மேஸ்ட்ரோ கேக்கட்டும்னு விட்டுட்டேன். தம்பி சீட்டி இல்லன்னு அவருக்குத் தெரியலன்னா, இந்தப் பைய நான் தெறக்கறதா இல்ல.

பெல்லாந்தி: பொண்ணே... அதுல அவன் பேசறானா?

நோர்மா: பேசறாரு மேஸ்ட்ரோ. வாங்க, ஹால்ல போட்டுக் காட்டறேன்.

பெல்லாந்தி: ஹால் வரைக்கும் போறதுக்குள்ள பொறுமை இருக்காது. நீயே சொல்லிடு. நான் அப்படிச் சொன்னதும்... என்ன சொல்றான்?

நோர்மா: மொதல்ல சிரிக்கறாரு. சிரிச்சுட்டு... ‘நீ மறந்துருவே அண்ணே. பரவாயில்ல, டேப்ப ஓட்டச் சொல்லு’ங்கறாரு.